சி லைன் வேம்புலியம்மாளின் வில்லைக் கணக்கு

28-2-1987 — 187
31-3-1987 — 286
30-4-1987 — 300
30-5-1987 — 275
30-6-1987 — 234
31-7-1987 — 189
31-8-1987 — 140
30-9-1987 — 112

அக்டோபர் மாதத்துத் தொகையை இங்கே எழுதவில்லை. அதற்கு உரிய இடம் வரும்போது எழுதுகிறேன்.

இந்த எண்கள் ரூபாய் அல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்சார சுவிட்ச் செய்யும் ஒரு கம்பெனியில் நான் இருபத்தாறு வருடம் டைம் கீப்பராக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது போனார் என்று எழுதுவது வேலை. பெண்கள் உட்கார்ந்து சுவிட்சுக்குத் திருகாணி முடுக்கும் லைன்கள் மூன்று இருந்தன. ஒரு லைனுக்கு இரண்டு பித்தளை வில்லை. என் ஜன்னலுக்கு வெளியே ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்து மாட்ட வேண்டும். போன நேரம், வந்த நேரம் இரண்டையும் நான் எழுத வேண்டும். மேலே உள்ளவை வேம்புலியம்மாள் என்ற ஒருத்தி மட்டும் அந்தந்த மாதத்தில் எடுத்த வில்லைகள்.

அவள் வேலைக்கு வந்தது 9-2-1987, திங்கட்கிழமை, காலை 7.48. வயது இருபத்தாறு. பிறந்தது குத்தம்பாக்கம். பெற்றவர்கள் நாற்று நடப் போனவர்கள். அப்போது அவள் இருந்தது அத்திப்பட்டில், அண்ணன் வீட்டில். கறுத்து ஒல்லியாக, கையில் ஒரு துணிப் பையோடு நின்றாள். பையில் மடித்த பழந்துணி நிறைய இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று கேட்பது டைம் கீப்பர் வேலை அல்ல.

ஒன்பது மாதம் தற்காலிகம், அதன் பிறகு ஃபைலைப் பார்த்து நிரந்தரம் செய்வோம் என்று சூப்பர்வைசர் கஜபதி சொன்னார்.

"ஒம்போது மாசமா?" என்றாள். "அந்தக் கணக்கு எனக்கு ராசியில்லயே சார். பத்து மாசமா போட்டுக்க முடியாதா?"

கஜபதிக்குப் புரியவில்லை. எனக்கும் அன்று புரியவில்லை.

வில்லை விஷயத்தை விளக்கியபோது கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "நைனா, நீ உள்ள போனா உனக்கு யாரு வில்லை குடுப்பா? யாரு எழுதுவா?" என்றாள். முகத்தில் சிரிப்பு ஒரு பொட்டும் இல்லை. பின்னால் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் அன்றிலிருந்து என் கணக்கையும் தனியாக ஒரு சீட்டில் குறித்து வந்தேன். அன்றைக்கு மூன்று.

அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவள் வாயைத் திறந்தால் லைனே குலுங்கும். அவள் மட்டும் சுவரைப் போல் இருப்பாள். கஜபதி நடப்பதைப் போல, சுவிட்சைத் தட்டிப் பார்ப்பதைப் போல, மேனேஜர் அறைக்குள் போகும்போது மட்டும் அவர் தோள் சுருங்குவதைப் போல எல்லாம் செய்து காட்டுவாள். மற்றப் பதிமூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திருகாணி முடுக்குவாள். அது அவளுடைய தனித் திறமை என்று எல்லோரும் நினைத்தோம்.

மாதக் கடைசியில் ஜன்னலுக்கு வந்தாள். கையில் ஒரு தபால் கார்டு. முகவரி ஏற்கெனவே அச்சடித்திருந்தது, பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி.

"நைனா, என் வில்லை ஒரு நாளிக்கு எத்தினின்னு இதுல போடு. வேற ஒண்ணும் எழுதாதே. எனக்குப் படிப்பு மூணாவதோட போச்சி."

187 வில்லை, 18 வேலை நாள். 10.4 என்று போட்டேன்.

"அது இன்னாது, புள்ளி வச்சி நாலு?"

"பத்தரைக்குக் கொஞ்சம் கம்மி."

"அந்தக் கம்மியையும் வுட மாட்டியா நீ?" என்றாள். திருப்தியாகப் போனாள்.

மார்ச்சில் 11. இரண்டாவது கார்டு போயிற்று. ஒரு நாளில் நாலு வில்லைக்கு மேல் எடுத்தால் என் புத்தகத்தில் குறிப்புக் கட்டத்தில் சிவப்பு மை. அவள் பெயருக்கு நேரே கட்டம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. கஜபதி அதைப் பார்த்துவிட்டு, "இந்தம்மா சுவிட்ச் பண்ண வருதா, நடக்க வருதா?" என்றார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் சி லைனில் ஒரு புது விஷயம் ஆரம்பித்தது.

எங்கள் காம்பவுண்டை ஒட்டி ஒரு ஸ்பிரிங் கம்பெனி. எங்கள் சங்கு எட்டு, பத்து, பன்னிரண்டரை என்று ஊதும். அவர்கள் சங்கு 9.15, 11.15, 2.15. அந்தக் கம்பெனியில் மார்ச் கடைசியிலிருந்து ஸ்டிரைக். ஆட்கள் கேட்டில் கொடி கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் முதலாளி பிடிவாதமாகச் சங்கை மட்டும் ஊதிக்கொண்டிருந்தார்.

அந்தச் சங்கு ஊதியதும் எங்கள் சி லைன் பெண்கள் பதினான்கு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். கை நிற்காது. வாய் மட்டும் நிற்கும். கன்னம் உப்பி, கண் விறைத்து, கோயிலில் சூடம் காட்டும்போது நிற்பதைப் போல. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெருமூச்சு, சளசளவென்று பேச்சு. மறுபடி மௌனம்.

கஜபதி இரண்டு வருடமாக அந்த லைனைப் பார்த்து "பேச்ச நிறுத்துங்கம்மா" என்று கத்தியவர். இப்போது அவர்கள் நிறுத்தியதும் பயந்துபோனார். ஓடிப் போய் மேனேஜர் ராஜசேகரனிடம், "சார், பக்கத்துக் கம்பெனி ஸ்டிரைக்குக்கு நம்ம பொம்பளைங்க மௌனமா ஆதரவு குடுக்கறாங்க" என்று சொன்னார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் யூனியன் என்றால் வியர்த்துவிடும். "ஒரு வாரம் கவனியுங்க. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், யார் யார். எல்லாம் எழுத்தில் வேணும். திங்கட்கிழமை, இருபத்தேழாம் தேதி குடுங்க."

ஸ்டாப் வாட்ச் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 20-4-1987 முதல் ஆறு நாள். முடிவு எனக்கே வியப்பாக இருந்தது. மௌனம் பத்து விநாடி. பேச்சு பத்து விநாடி. மௌனம் பத்து. பேச்சு பத்து. ஒரு சங்குக்குப் பத்து மௌனம், கூடவுமில்லை குறையவுமில்லை. ஒரு நாளைக்கு மூன்று சங்கு. துக்கம் காட்டுகிறவர்கள் இவ்வளவு ஒழுங்காகக் காட்டி நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை, 25-4-1987, கம்பெனி முகவரிக்கு ஒரு இன்லண்டு கடிதம் வந்தது. வேம்புலியம்மாள் பெயருக்கு. வீட்டுக்கு வந்தால் அண்ணி படித்துத் தெருவுக்குச் சொல்லிவிடுவாள் என்று கம்பெனி முகவரி கொடுத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலுக்கு வந்து, "படி நைனா" என்றாள்.

பிரித்தேன். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. "அன்புள்ள வேம்புலியம்மாள், பத்து பதினொன்று ஆகியிருக்கிறது. குறைய வேண்டியது ஏறுகிறது என்றால் நீ பயிற்சியைத் தப்பாகச் செய்கிறாய். நான் சொன்னதை மறுபடி எழுதுகிறேன். சிறுநீர் வரும்..."

அடுத்த சொல்லைக் கனைத்துக்கொண்டே தாண்டப் பார்த்தேன்.

"இன்னா நைனா, தொண்டையில முள்ளா?" என்றாள். "எதை முழுங்கினே? புள்ளி வச்ச நாலைக்கூட வுடாத ஆளு, முழு வார்த்தைய வுடறியே."

ஒரு சொல் விடாமல் படித்தேன். சிறுநீர் வரும் வழியையும் மலம் வரும் வழியையும் சுற்றியுள்ள தசையை மேல்நோக்கி இழுத்து இறுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை பிடித்து, பத்து எண்ணும்வரை விட வேண்டும். பத்து தடவை. நாளுக்கு மூன்று வேளை. வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. "முக்கியமாக, மூச்சைப் பிடிக்கக் கூடாது. மூச்சைப் பிடித்தால் நீ உள்ளே இழுக்கவில்லை, கீழே முக்குகிறாய். ஒழுக்கு கூடத்தான் கூடும். இறுக்கும்போது வாய்விட்டு எண்ணு. வாய் மூடியிருந்தால் தப்பு என்று அர்த்தம். மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் தெரியும். இப்படிக்கு, பேபி, உடற்பயிற்சிப் பிரிவு."

நான் கடிதத்தை வைத்துவிட்டு என் நோட்டைப் பார்த்தேன். பத்து விநாடி, பத்து விநாடி, பத்து தடவை, மூன்று வேளை.

"லைன் முழுக்கவா?" என்று கேட்டேன். அந்த வேலையில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் சொன்னாள். நின்றபடி, டிபன் டப்பாவைப் பிடித்தபடி, பஸ் நம்பர் சொல்வதைப் போலச் சொன்னாள். இருபது வயதில் முதல் பிரசவம். மூன்று நாள் வலி. குழந்தை வெளியே வரவில்லை, நாலாம் நாள் வண்டியில் பூந்தமல்லிக்கு எடுத்துப் போனார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. அத்தனை நேரம் அதன் தலை அழுத்தியதில் சிறுநீர்ப் பையில் துளை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ராப்பகலாக ஒழுக்கு. புருஷன் ஒரு மாதம் பார்த்தான், பிறகு அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டான். ஐந்து வருடம். 1986 நவம்பரில் ஆஸ்பத்திரியில் துளையைத் தைத்து மூடினார்கள். ஒழுக்கு நின்றது. ஆனால் இருமினால், தும்மினால், கனத்தைத் தூக்கினால், சிரித்தால் மட்டும் வரும்.

"கோணியத் தச்சிட்டாங்கோ நைனா. வாய்க்கட்டு தளந்து கீது. அதுக்குத்தான் இந்த எக்சர்சைஸ்."

அவள் ஏன் சிரிப்பதில்லை என்பது எனக்கு அப்போது விளங்கிற்று.

"மத்தவங்க?"

"தாயம்மா அக்காக்கிட்டதான் சொன்னேன். அது நாலு பெத்தது. தும்மினா எனக்கும் வருதுடின்னுச்சி. அப்பால பாத்தா அவங்கவங்க ஒரு கதை வச்சிகினு கீறாங்கோ. பதினாலு கொடத்துல ஒழுகாத கொடம் மூணுதான். அதுங்களும் சும்மா ஜோடிக்குச் சேந்துகிச்சிங்கோ. நேரம் பாக்கக் கடியாரம் ஏது? நம்ம சங்கு அடிச்சா டீக்கு ஓடணும். அதான் பக்கத்து ஊட்டுச் சங்கு."

தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. இவளிடம் கற்றதால் பதினான்கு பேரும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் பயந்த மௌனம் அதுதான்.

திங்கட்கிழமை அறிக்கை கொடுத்தேன். நேரங்கள் எல்லாம் சரியாக இருந்தன. 'காரணம்' என்ற கட்டத்தில் 'என் பணிக்கு உட்பட்டதல்ல' என்று எழுதினேன். பொய்யும் இல்லை.

ஆனால் அதே திங்கட்கிழமை 9.15க்கு ஸ்பிரிங் கம்பெனிச் சங்கு ஊதியது. பேபி அம்மாள் சொன்னபடி வேம்புலியம்மாள் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். மற்றவர்களும் கூடவே. "ஒண்ணு! ரெண்டு! மூணு!" பதினான்கு குரல். தகரக் கூரை அதிர்ந்தது. ஏ லைனும் பி லைனும் எழுந்து நின்று பார்த்தன. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் கொடியோடு உட்கார்ந்திருந்தவர்கள், யாரோ தங்களுக்காகக் கோஷம் போடுகிறார்கள் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

மௌன ஆதரவு கோஷமாக மாறிவிட்டது என்று கஜபதி மேனேஜரிடம் போய்ச் சொன்னபோது அவருடைய தோள் வழக்கத்தைவிட அதிகமாகச் சுருங்கியிருந்தது.

29-4-1987, புதன், மாலை 3.40. மேனேஜர் அறை. மேனேஜர், கஜபதி, நான். எதிரே வேம்புலியம்மாளும் தாயம்மாளும். மேஜையில் வேம்புலியம்மாளின் ஃபைல். அதன் மேல், டைப் செய்து கையெழுத்துக்குக் காத்திருந்த ஒரு காகிதம். வேலையிலிருந்து நிறுத்தும் ஆர்டர் என்று தலைகீழாகவே படித்துவிட்டேன்.

"பக்கத்துக் கம்பெனிச் சங்குக்கு நீங்க எதுக்கு எண்றீங்க? உண்மையச் சொல்லுங்க. யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் மேனேஜர்.

"பேபி," என்றாள் வேம்புலியம்மாள்.

"யார் அந்தப் பேபி? எந்த யூனியன்?"

"ஆஸ்பத்திரி யூனியன் சார்."

கஜபதி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். தாயம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"எத்தனை பேர் இருக்காங்க அதுல?"

"பொம்பளைங்க எல்லாருந்தான் சார். புள்ள பெத்தா மெம்பரு. சந்தா கெடையாது."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் வேம்புலியம்மாளைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவள் தலையசைத்தாள். "படி நைனா. முழுங்காம படி."

கடிதத்தைப் படித்தேன். முதல் தடவை கனைத்த இடத்தில் இந்தத் தடவை கனைத்தது மேனேஜர். 'தசையை மேல்நோக்கி இழுத்து' என்ற இடத்தில் அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். கடிதம் முடியும்வரை பார்த்தார். பிறகு வேம்புலியம்மாள் மூன்று நாள் வலியிலிருந்து தன் கதையைச் சொன்னாள். அப்போது அவர் காலண்டரைப் பார்க்கவில்லை.

கஜபதி தான் எழுதியதை மெதுவாக அடித்தார்.

"இது ஆம்பளைங்களுக்கும் வேலை செய்யுமா?" என்று கேட்டார். அவருக்கு நாள்பட்ட இருமல்.

"கஜபதி, நீங்க வெளியே இருங்க," என்றார் மேனேஜர்.

அந்த ஆர்டரை இரண்டாக மடித்து இழுப்பறையில் போட்டார். ஆனால் கிழிக்கவில்லை. "நான் செய்யக்கூடியது இவ்வளவுதாம்மா. நவம்பர்ல உன் ஃபைல் மேலிடத்துக்குப் போகும். அவங்க கடைசி மாசத்து வில்லைக் கணக்கைத்தான் பாப்பாங்க. ரூல் நாலு. சராசரி நாலுக்குள்ள இருந்தா நிரந்தரம். இல்லேன்னா இந்தக் காகிதம். ஆஸ்பத்திரிக் காரணமெல்லாம் அவங்ககிட்ட எடுபடாது. அப்புறம், எண்றதை நிறுத்துங்க. பக்கத்துல கை தட்டுறாங்க."

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள். "அக்டோபரு நாளு எத்தினி நைனா?"

ஞாயிறு நாலு. ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி, தீபாவளி. மிச்சம் 24. நாலால் பெருக்கினால் 96.

"தொண்ணூத்தாறு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அண்ணன் வீட்டில் அவள் படுக்க இடம் இருந்தது, சம்பளம் வரும்வரைதான். அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

எண்ணக் கூடாது, வாயும் மூடக் கூடாது. அதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள். சங்கு ஊதியதும் கதை சொல்ல ஆரம்பித்தாள். மற்றவர்கள் "ம்" கொட்ட வேண்டும். "ம்" வந்தால் மூச்சு ஓடுகிறது என்று அர்த்தம். இறுக்கும் பத்து விநாடிக்குள் சிரிக்கக் கூடாது, விடும் பத்து விநாடியில் சிரிக்கலாம் என்று சட்டம். அதனால் ஒரு நாளில் மூன்று முறை எங்கள் ஷெட்டில் சிரிப்பு, குழாயைத் திறந்து மூடுவதைப் போல வந்து வந்து நின்றது. கதை எல்லாம் கஜபதியைப் பற்றித்தான். அவர் ஓர் ஓரமாக நின்று கேட்பார். 9.15க்கு அவர் முகமும் கொஞ்சம் விறைப்பதை நான் கவனித்தேன், எழுதவில்லை.

ஜூனில் 9. ஜூலையில் 7. கார்டுகள் போய்க்கொண்டிருந்தன. இப்போது எண்ணோடு ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். 'மேனேஜர் என்னைப் பார்த்தால் காலண்டர் பார்க்கிறார்.' 'தாயம்மா அக்கா தும்மி ஜெயித்துவிட்டாள்.' பேபி அம்மாளும் ஒரு வரி பதில் போடுவார்.

அக்டோபர் மூன்றாம் தேதி மழை பிடித்தது. அத்திப்பட்டு முழங்கால் தண்ணீர். அவளுக்குச் சளி, இருமல். முதல் ஏழு வேலை நாளில் 41 வில்லை. இப்படியே போனால் 140 வரும்.

மறு நாளும் அதற்கு அடுத்த நாளும் இரண்டு இரண்டுதான். எனக்குச் சந்தேகம் வந்தது. அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். காலையில் இருந்த அளவு மாலையிலும் இருந்தது.

"தண்ணி குடிக்கறது இல்லையா?"

"குடிச்சாத்தானே வரும்."

எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. அன்றே பேபி அம்மாளுக்கு நானாக எழுதினேன். பதில் நாலாம் நாள் வந்தது. "தண்ணீரைக் குறைத்தால் கணக்கு குறையும், நோய் கூடும். எரிச்சல் வரும், அப்புறம் இன்னும் அடிக்கடி ஓடுவாள். வழக்கம்போலக் குடிக்கச் சொல்லுங்கள். இருமல் வரும் என்று தெரிந்த அந்த ஒரு நொடியில், முதலில் இறுக்கச் சொல்லுங்கள், பிறகு இருமச் சொல்லுங்கள். எட்டு மாதம் பழக்கிய தசை, கூப்பிட்டால் வரும்."

அன்றைக்கு முழுக்க லைனே அவளுடைய தொண்டையைக் கவனித்தது. அவள் மூக்கு சுருங்கினால் தாயம்மாள், "புடி, புடி, இப்ப இருமு" என்பாள். இரண்டு மூன்று முறை பிந்தியது. பிறகு பிந்தவில்லை.

அக்டோபர் 30, வெள்ளி மாலை. மொத்தம் 94.

தாயம்மாள் ஜன்னலுக்கு வந்தாள். "நைனா, நாளிக்கி ஒருவேளை மூணாவது எடுத்தா, உன் பேனாவுல மை இல்லேன்னு வச்சிக்கயேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் வேம்புலியம்மாள் பின்னாலிருந்து சொன்னாள். "சும்மா இருக்கா. அவரு ஒண்ண வுட்டாருன்னா பேபி அம்மாவுக்குப் பொய் நம்பரு பூடும். அப்பால நான் சரியாயிட்டேனா இல்லயான்னு எனக்கே தெரியாது. ஒழுகினது நானு, எழுதறது அவரு. ரெண்டும் நெசமா இருக்கட்டும்."

31-10-1987, சனிக்கிழமை. முதல் வில்லை 9.52. இரண்டாவது 12.58. 96 முடிந்தது. மாலை நாலரை வரை இனி எழக் கூடாது.

அவளைச் சிரிக்க வைக்கக் கூடாது என்று லைன் முடிவு செய்திருந்தது. பதிமூன்று பெண்களும் இழவு வீட்டைப் போல உட்கார்ந்திருந்தார்கள். 2.15 சங்குக்குக் கூடக் கதை இல்லை; தாயம்மாள் ரேஷன் கடையில் என்னென்ன கிடைக்கவில்லை என்று பட்டியல் சொன்னாள், மற்றவர்கள் "ம்" கொட்டினார்கள்.

கஜபதி அன்று தீபாவளி முடிந்து எடுத்த சட்டையை முதல் தடவையாகப் போட்டு வந்திருந்தார். பின் கழுத்தில் கடைக்காரன் தொங்கவிட்ட விலை அட்டையை எடுக்க மறந்துவிட்டார். காலையிலிருந்து அது முதுகில் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். சொன்னால் சிரிப்பு வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேம்புலியம்மாள் பக்கம் அவர் முதுகைக் காட்டாதபடி, ஆள் மாற்றி ஆள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவருக்கு ஒரே பெருமை.

3.35க்கு மேனேஜர் அறைக் கதவு திறந்தது. "கஜபதி" என்று குரல் வந்தது. அவர் சட்டென்று திரும்பினார். தோள் சுருங்கியது. தோள் சுருங்கியதும் காலர் தூக்கிக்கொண்டது. வேம்புலியம்மாளின் மூக்குக்கு நேரே அட்டை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. விலை 79.50. அதற்குக் கீழே, 'தள்ளுபடிச் சரக்கு'.

அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெரிய சிரிப்பு, அவள் உடம்புக்குப் பொருந்தாத சிரிப்பு. முதலில் வாயைப் பொத்தினாள், பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. லைனில் வேறு யாரும் சிரிக்கவில்லை. பதிமூன்று பேரும் அவள் ஸ்டூலுக்குக் கீழே பார்த்தார்கள்.

நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். 3.36. 3.37. வில்லை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சிரித்து முடித்தாள், மூக்கைத் துடைத்தாள், கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்து எதையோ யோசித்தாள். பிறகு திருகாணி எடுத்தாள். 3.40க்குப் பேனாவை மூடினேன்.

"யாருக்கு இன்னா வேணும்?" என்றார், மேனேஜர் அறையிலிருந்து திரும்பி வந்த கஜபதி.

"ஒண்ணும் வேணாம் சார்," என்றாள். "விலை ஜாஸ்தி."

இப்போது லைன் சிரித்தது. அன்றைக்கு அதன் பிறகு சி லைனின் மற்றப் பெண்கள் எடுத்த வில்லைகள் ஒன்பது.

அக்டோபர் தொகை 96. சராசரி 4.0. நிரந்தர ஆர்டர் 9-11-1987 அன்று வந்தது. கார்டில் 'சிரித்தேன். ஒன்றும் இல்லை' என்று எழுதச் சொன்னாள்.

நான் 1991இல் ஓய்வு பெற்று முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புக்கு வந்தேன். வருடத்துக்கு ஒரு முறை கார்டு போடச் சொல்லியிருந்தார் பேபி அம்மாள். வேம்புலியம்மாள் அதற்காகப் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வருவாள். அவள் 1994இல் சி லைன் சூப்பர்வைசர். இருமலால் கஜபதி வேலையை விட்ட இடம் அது. இப்போது துணி நனைவது எத்தனை தடவை என்பதுதான் கார்டுக் கணக்கு. ஐந்து வருடமாகச் சுழி.

"முட்டை போட்டு அனுப்பறதுக்கு ஸ்டாம்பு எதுக்கு நைனா?"

"கேட்டிருக்கிறார்கள். அனுப்ப வேண்டும்."

1996 மே மாதம் வந்தபோது இரண்டு மணி நேரம் இருந்தாள். கார்டை அவளே தபால் பெட்டியில் போடுவதாக வாங்கிக்கொண்டு போனாள். அதற்குள் அவள் எண்ணும் எழுத்தும் எழுதக் கற்றிருந்தாள் என்பதை நான் கவனத்தில் கொள்ளவில்லை.

அடுத்த மாதம் பேபி அம்மாளின் கடிதம் என் முகவரிக்கு வந்தது. வேம்புலியம்மாள் வரும்வரை பிரிக்காமல் வைத்திருந்து, அவள் முன்னால் படித்தேன்.

"அன்புள்ள வேம்புலியம்மாள், எனக்கு இந்த மாதத்தோடு ஓய்வு. இனி எண் அனுப்ப வேண்டாம். பயிற்சியை மட்டும் விடாதே. உன் கார்டுகளைப் படித்துச் சிரித்தபோதெல்லாம் எனக்கே அந்தப் பயிற்சி தேவைப்பட்டது. நானும் இரண்டு பெற்றவள்தான். கார்டின் ஓரத்தில் 'இவரு 2 மணி நேரத்துல 4' என்று வேறு கையெழுத்தில் இருந்தது. அது யார் என்று..."

நான் நிறுத்தினேன்.

"படி நைனா. தொண்டையில முள்ளா?"

"...அது யார் என்று எழுதுகிறவருக்குத் தெரியும். முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல். அவர் சரி என்றால் ஆண்களுக்கும் இதே பயிற்சிதான். மூச்சைப் பிடிக்கக் கூடாது."

வேம்புலியம்மாள் சிரித்தாள், எதிர் பிளாக்கில் ஜன்னல் திறக்கும் அளவுக்கு. அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்து உள்ளே போனது நான். திரும்பி வந்தபோது என் பேனாவால் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கட்டம் போட்டு, போன நேரம், வந்த நேரம் இரண்டையும் எழுதி வைத்திருந்தாள். நேரங்கள் சரியாகவே இருந்தன.

அந்தக் கடிதம் வந்த தேதி 17-6-1996, திங்கட்கிழமை.